ஊசியில மிருகத்தைத் தேடாதீங்க

போன வாரம் கர்ப்பிணிகள் செக்கப் நாள். அஞ்சு மாசக் கர்ப்பம், சின்னப் பொண்ணு. டிடி ஊசின்னதும் கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிச்சு. வலிக்குப் பயம்னு நினைச்சேன். "இல்ல சார், எங்க ஜெபக் கூட்டத்துல சொல்லிட்டாங்க. ஊசியெல்லாம் முத்திரைக்கு ஆரம்பம்." 2021ல கேட்ட அதே பேச்சு. கொரோனா போயிருச்சு, இது போகல. அதான் இந்த நீள இழை.

நான் போடியில அரசு ஆஸ்பத்திரி டாக்டர். இறையியல் படிச்சவன் இல்ல. ஆனா ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போற வீட்டுப் பையன். வெளிப்படுத்தின விசேஷத்தை முதல் அதிகாரத்துல இருந்து கடைசி வரை வாசிச்சிருக்கேன். இதை வெச்சுப் பயமுறுத்துறவங்க பல பேர் 13ஆம் அதிகாரத்தைத் தாண்டவே இல்லைங்கறது என் சந்தேகம்.

2021 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கா? கேரளாவுல கடைக்குள்ள போகணும்னா ஒரு டோஸ் போட்டிருக்கணும், இல்லன்னா 72 மணி நேரத்துக்குள்ள எடுத்த ஆர்டிபிசிஆர் நெகட்டிவ் வேணும், இல்லன்னா தொற்று வந்து குணமாகியிருக்கணும்னு உத்தரவு. போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போற நம்ம ஜனங்க நேரா அதுல மாட்டினாங்க. உடனே வாட்ஸ்அப்ல வந்துருச்சு: "முத்திரை இல்லாம வாங்கவும் விற்கவும் முடியாதுன்னு வேதம் சொன்னது நிறைவேறிருச்சு." சர்டிபிகேட்ல இருந்த கியூஆர் கோடு சாட்சி ஆயிருச்சு. மூணு வழி விட்டுக் கொடுக்கிற மிருகத்தை நான் இப்பதான் பார்க்கிறேன்! (அந்த உத்தரவு சரியாங்கறது தனி விவாதம். தினக்கூலிக்காரங்களை அப்படி நெருக்கினதுல எனக்கும் உடன்பாடு இல்ல.)

அப்ப ஒரு அம்மா. ஐம்பது தாண்டின வயசு, சர்க்கரை, தோட்டத்துல காய் எடுக்கிற வேலை. ரெண்டு தடவை கேம்ப்ல பார்த்துப் பேசினேன். "தம்பி, நீங்க உடம்பைப் பார்ப்பீங்க. என் ஆத்துமாவை யாரு பார்க்கிறது?" ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க. அடுத்த மாசம் ஆக்சிஜன் இறங்கின நிலையில கொண்டு வந்தாங்க. நாலு நாள் இருந்தாங்க. ஊசி போட்டிருந்தா கண்டிப்பா பிழைச்சிருப்பாங்கன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வாய்ப்பு நல்லாக் கூடியிருக்கும். அந்த வாய்ப்பைப் பிடுங்கினது ஒரு வீடியோ. அதுல பேசினவர் வெளிநாட்டுல ஊழியம் பண்றதா அவரே சொல்றார். எந்த சர்டிபிகேட்டைக் காட்டி பிளைட் ஏறினார்னு யாரும் கேட்கல.

சரி, புத்தகத்துக்கு வருவோம்.

இது பத்மு தீவுல இருந்து ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதினது. எபேசு, சிமிர்னா, பெர்கமு மாதிரி ஊர்கள். அங்க சீசரைத் தெய்வமாக் கும்பிடணும். சந்தையில புழங்குற காசுல அவன் முகம். அந்த ஜனங்களுக்குப் புரியுற பாஷையிலதான் எழுத்து இருக்கும். எபிரேயத்துல எழுத்தே எண். நம்ம பழைய வழக்கத்துல க-ன்னா 1, உ-ன்னா 2 இல்லையா, அதே மாதிரி. 'நேரோன் கேசர்'னு எபிரேய எழுத்துல எழுதிக் கூட்டினா 666. லத்தீன் உச்சரிப்புப்படி 'நேரோ கேசர்'னு எழுதினா 616. எகிப்துல ஆக்சிரிங்கஸ்ல கிடைச்ச பழைய பாப்பிரஸ்ல அந்த எண் 616னே இருக்கு. கி.பி. 64ல ரோம் எரிஞ்சப்போ கிறிஸ்தவங்க மேல பழியைப் போட்டுக் கொன்னவன் நீரோ. பல அறிஞர்கள் கை காட்டுறது அவனைத்தான். ஏழு மலை மேல உட்கார்ந்திருக்கிற நகரம் எதுன்னு அன்னைக்குச் சின்னப் பிள்ளை கூடச் சொல்லும்.

இன்னொண்ணு. மிருகத்தோட முத்திரை வலது கையில இல்லன்னா நெற்றியிலன்னு இருக்கு. நாங்க கொரோனா ஊசி பெரும்பாலும் போட்டது இடது தோள்ல. சிரிப்பு போதும், விஷயம் இதுதான்: 7ஆம் அதிகாரத்துல கடவுளும் தன் ஊழியர்கள் நெற்றியில முத்திரை போடுறார். அது எந்தக் கம்பெனி ஊசின்னு யாராவது கேட்டீங்களா? அங்க முத்திரைன்னா நீ யாரைச் சேர்ந்தவன்ங்கற அடையாளம். இங்க மட்டும் எப்படி சிரிஞ்சா மாறுது?

அப்புறம் 'லூசிஃபரேஸ்'. ஊசியில லூசிஃபர் இருக்கானாம். அது மின்மினிப் பூச்சி மின்னக் காரணமான என்சைம். கோவிஷீல்டுலயும் இல்ல, கோவாக்சின்லயும் இல்ல. லூசிஃபர்ங்கறது விடிவெள்ளிக்கு லத்தீன் பேரு. அதே புத்தகத்தோட கடைசி அதிகாரத்துல இயேசு தன்னையே விடிவெள்ளிங்கறார். அங்க வரைக்கும் வாசிச்சாத்தானே?

இதெல்லாம் புதுசும் இல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல அம்மை குத்தின தழும்பையே மிருகத்தின் முத்திரைன்னாங்க. மிசோரத்துல சிலர் ஆதாரைச் சொன்னாங்க. உங்க ஆத்தா கையிலயும் அம்மைத் தழும்பு இருக்கும், பாருங்க. 1980ல உலகத்துலயே பெரியம்மை ஒழிஞ்சாச்சுன்னு அறிவிச்சாங்க. டிடி ஊசியும் அப்படித்தான். பிறந்த குழந்தை ஜன்னியில விறைச்சுச் சாகுறதை என் சீனியர்கள் கண்ணால பார்த்திருக்காங்க. நான் பார்த்ததில்ல.

எனக்கு உண்மையான கோபம் 18ஆம் அதிகாரத்தை இவங்க தொடாததுல. பாபிலோன் விழுது, வியாபாரிங்க அழறாங்க, இனி சரக்கு வாங்க ஆளில்லைன்னு. சரக்குப் பட்டியல் நீளும்: பொன், வெள்ளி, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை. பழைய கிரேக்கப் பிரதிகள்ல இலவங்கப்பட்டைக்கு அடுத்து 'அமோமும்'னு ஒரு வாசனைச் சரக்கு வருது. எந்தச் செடின்னு அறிஞர்களுக்குள்ள தகராறு உண்டு, ஆனா நம்ம ஏலக்காயோட தாவரப் பேரான 'கார்டமோமும்'குள்ள அந்தச் சொல் உட்கார்ந்திருக்கு. பட்டியல் முடியுறது எதுல தெரியுமா? மனுஷ உடம்புலயும் உயிர்லயும். ஆடு, மாடு, குதிரை, ரதத்துக்கெல்லாம் அப்புறம்.

ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர்ல இந்தப் பட்டியலை வாசிச்சா எனக்கு உடம்பு சிலிர்க்குது. விடியுமுன்ன ஜீப்புல அடுக்கி ஏத்துற பொம்பளைங்க. முகத்துல ஒரு துண்டு மட்டும் கட்டிக்கிட்டு மருந்து அடிச்சுட்டு, வாந்தியோட, சுருங்கின கண்மணியோட ராத்திரி எங்க கேஷுவாலிட்டிக்கு வர்ற ஆளுங்க. ஜீப் கவுந்து வர்றவங்க. பட்டியல்ல கடைசியா எழுதின சரக்கைத்தான் நான் ஸ்ட்ரெச்சர்ல பார்க்கிறேன். ஆத்துமாவை யாரு பார்க்கிறதுன்னு கேட்ட அந்த அம்மாவும் அதே ஜீப்புல போனவங்கதான்.

போதகர் ஐயாமாரே, அடுத்த கூட்டத்துக்கு 18ஆம் அதிகாரத்தை எடுங்க. மண்டபம் வேண்டாம், மைக் வேண்டாம். காலைல அஞ்சு மணிக்கு ஜீப் கிளம்புற இடத்துக்கு வாங்க. டூட்டி இல்லாத நாள்னா நானும் வர்றேன்.

அந்தப் பொண்ணு இன்னும் ஊசி போடல. வியாழக்கிழமை மாமியாரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்.