நாற்பது பக்க நோட்டு

பிரெஞ்சில் படித்தவன் என்பதாலோ என்னவோ, 1901 ஜூலை 1-ஆம் தேதிச் சட்டத்தின் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. அதற்கு முன் பிரான்சில், நெப்போலியன் காலத்து 1810 தண்டனைச் சட்டத்தின் 291-ஆம் பிரிவுப்படி, இருபது பேருக்கு மேற்பட்ட சங்கம் தவறாமல் கூடுவதென்றால் அரசாங்க அனுமதி வேண்டும். இலக்கியம் பேசக் கூடினாலும்தான். 1901-இல் அனுமதியும் வேண்டாம், பதிவும் வேண்டாம், தாராளமாகச் சேரலாம் என்றார்கள். துறவற சபைகளுக்கு மட்டும் அனுமதி வேண்டும் என்று அதிலேயே ஒரு முள்ளையும் வைத்தார்கள். அரசாங்கம் முழுசாகக் கையை எடுக்காது.

அரசாங்கமே வேண்டாம் என்பவன் அல்ல நான், பென்ஷனில் சாப்பிடுகிறவன். ஆனால் எங்கள் தெருவில் நான் செய்த தப்பைச் சொல்லவேண்டும்.

வீட்டுக்கு மாதம் பத்து ரூபாய் போட்டு சாவுக்கென்று ஒரு நிதி வைத்திருந்தோம். பாடை, பந்தல் செலவெல்லாம் அதில்தான். கணக்கு, பூக்கடைக்காரரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டில். யார் தரவில்லை என்பது தெருவுக்கே தெரியும். அதனால் எல்லோரும் தந்தார்கள். 'முறைப்படி பதிவு செய்துவிடுவோம்' என்ற குமாஸ்தா புத்தி என்னுடையது. தலைவர், செயலாளர் வந்தார்கள், கூடவே சண்டையும். முத்திரை விழுந்ததும், இனி அது ஆபீஸ் சமாசாரம் என்று தெரு ஒதுங்கிக்கொண்டது. ஒருநாள் விடியற்காலை மேலண்டை வீட்டில் சாவு. பணம் வங்கியில், கையெழுத்துப் போடவேண்டிய செயலாளர் விழுப்புரத்தில், மகள் வீட்டில். எதிர்வீட்டு அம்மா இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தார்.

மறுமாதமே பூக்கடைக்காரருக்குப் புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன். சங்கம் இன்னும் பதிவேட்டில் இருக்கிறது.