மழைநீர் எங்கே போகும் என்பதை வரைபடம் சொல்ல வேண்டும்

இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில் ஆறு இல்லை. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இடையில் மணல். அந்த மணலுக்குள் உப்புநீரின்மேல் மிதந்து கிடக்கும் நன்னீர்தான் எத்தாளையிலும் அயல் கிராமங்களிலும் கிணறுகளில் ஊறுகிறது. இங்கே வெங்காயமும் மிளகாயும் விளைவதும் அதனால்தான். அந்த நன்னீருக்கு வரவு ஒன்றே ஒன்று: மழை. அதில் பெரும்பங்கு பெய்வது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆகவே இங்கு ஒரு காணியைத் துண்டாக்கவோ, நிரப்பவோ, கட்டவோ கொடுக்கப்படும் ஒவ்வோர் அனுமதியும் கிணற்றைப் பற்றிய முடிவுதான். எமது ஊர் அமைப்பின் நிலைப்பாடு இது: கட்டுவதற்கு முன் ஒரு காணிக்குள் எவ்வளவு மழைநீர் இறங்கியதோ, கட்டிய பின்னும் அவ்வளவு இறங்க வேண்டும். அதைக் காட்டாத எந்த வரைபடத்துக்கும் கற்பிட்டி பிரதேச சபை அனுமதி வழங்கக் கூடாது.

கணக்கு எளிது. 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 9,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் சேரும். ஓர் ஏக்கர் காணியில் அதே மழை நான்கு இலட்சம் லீற்றர். அந்த ஏக்கரைப் பத்துப் பேர்ச் துண்டுகளாக்கி, கிரவல் போட்டு இறுக்கி, உள்வீதி அமைத்து, முற்றங்களுக்கு இன்டர்லொக் கல் பதித்தால், முன்பு மணலுக்குள் இறங்கிய தண்ணீரில் பெரும்பகுதி மேலால் ஓடும். ஓடுவது அயல்காரரின் காணிக்கு. நிரப்பப்படாத பழைய வீடே எப்போதும் தாழ்ந்த வீடாகிறது. இறங்காமற்போன தண்ணீரின் இழப்பு மாரியில் தெரியாது, சித்திரையில் தெரியும். கரையோர மணல்நிலங்களில் நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை உப்புநீரைத் தள்ளிவைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படை விதி. மேலே ஓரங்குலம் குறைந்தால் கீழே நாற்பது அங்குலம் உப்பு ஏற இடம் கொடுக்கிறோம். ஒருமுறை உவர்த்த கிணறு ஒரு மாரியில் மீளாது.

“மணல்தானே, எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும்” என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கார்த்திகை தொடக்கத்தில் அது சரி. ஆனால் மாரி முற்றும்போது நீர்மட்டம் நிலமட்டத்தை நெருங்கிவிடுகிறது. மணல் கீழிருந்தே நிரம்பிவிடுகிறது. அந்த வாரங்களில் மிகுதித் தண்ணீரைத் தாங்குவது மணல்மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள். வருடத்தில் ஒன்பது மாதம் வெறுமையாகக் கிடப்பதால் அவை ‘பயனற்ற காணி’ என்று கருதப்படுகின்றன, மலிவாக விற்கப்படுகின்றன, முதலில் நிரப்பப்படுவதும் அவைதான். எமது பார்வையில் இந்தப் பிரதேசத்தில் மிகப் பெறுமதியான காணி அதுவே.

அடுத்த வாதம் வடிகான். பெரிய கான் வெட்டிக் களப்புக்கு விட்டால் வெள்ளம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். கடும் மழை நாளில் களப்பின் மட்டமும் உயர்ந்துதான் இருக்கும். தட்டையான நிலத்தில் கான் அப்போது ஓடாது, சில வேளை திரும்பி ஏறும். ஓடினாலும், வருடம் முழுவதற்கும் தேவையான தண்ணீரை மூன்று மாதத்தில் வெளியே கொட்டுகிறது. போகும் தண்ணீர் தோட்டங்களின் உரத்தையும் வீதியின் எண்ணெயையும் அள்ளிக்கொண்டு, மீனும் இறாலும் பிடித்துப் பிழைப்போரின் களப்பில் சேர்க்கிறது. வடிகானை நாம் முற்றாக மறுக்கவில்லை. நிலம் ஏற்க முடியாத மிகுதிக்கு மட்டும் அது வேண்டும்.

மிகக் கனமான எதிர்வாதம் இன்னொன்று: ஏற்கெனவே மாசடைந்த நிலத்தடி நீருக்குள் மேற்பரப்புத் தண்ணீரை இறக்கினால் மாசு கூடாதா? நியாயமான கேள்வி. இக்குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்து ஆய்வுகள் காட்டிவருகின்றன. அதன் மூலம் தோட்ட உரமும் மலசலகூடக் குழியும். கூரைத் தண்ணீர் அல்ல. சுத்தமான மழைநீர் இறங்க இறங்க அந்தச் செறிவு தணியும், இறங்காவிட்டால் கூடும். எனவே தண்ணீரைப் பிரித்தே பார்க்க வேண்டும். கூரைத் தண்ணீர் மலசலகூடக் குழிக்கு எட்ட, நேரே நிலத்துக்குள் இறங்கலாம். வீதியிலும் வாகனத் தரிப்பிடத்திலும் விழுவது புல்வளர்ந்த ஆழமற்ற பள்ளத்தில் தங்கி வடிந்த பிறகே இறங்க வேண்டும். விடுதிகளின் சலவை நீரும் இறால் பண்ணைக் கழிவும் இந்தக் கணக்கில் சேரவே கூடாது. அவற்றுக்குச் சுத்திகரிப்பு வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, இடைவெளியும் இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்துக்கு 2007இல் செய்யப்பட்ட திருத்தம் கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பை உள்ளடக்கியது. அது அச்சட்டத்தின்கீழ் வரும் பிரதேசங்களுக்கே. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் வலயம் கடற்கரையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரைதான். தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 1993இல் வெளியான வர்த்தமானி, 99 அறைகளுக்கு மேற்பட்ட விடுதிக்கும் 4 ஹெக்டெயருக்கு மேற்பட்ட ஈரநில நிரப்புதலுக்கும் சுற்றாடல் மதிப்பீட்டைக் கேட்கிறது. அரை ஏக்கர் அரை ஏக்கராக நிரப்புபவர் பெரும்பாலும் இந்த வாசல்களில் நிற்க வேண்டியதில்லை. எமது பிரதேசம் மாறுவது பெரும்பாலும் இந்த அரை ஏக்கர்களால்தான்; அவற்றைப் பார்க்கும் கண் பிரதேச சபையின் வரைபடப் பரிசீலனை ஒன்றே.

சேகரிப்புச் சட்டம் மட்டும் போதாது என்பதற்கு ஓர் உதாரணம்: தமிழ்நாட்டு அரசு 2003இல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆயினும் 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது, 2019 கோடையில் அதே நகரம் தண்ணீர் லொறிகளுக்குக் காத்து நின்றது. தண்ணீர் தங்கவேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி அதற்குள் கட்டிடமாகியிருந்ததை மறந்து இதைப் பேச முடியாது. வீட்டுக்கு வீடு குழி தோண்டுவது தேவை. பள்ளங்களைப் பறிகொடுத்த ஊரை அது மட்டும் காப்பாற்றாது.

ஏழைகளின் தலையில் செலவு விழும் என்ற அச்சத்தை நாம் தட்டிக்கழிக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமானது. அவர்களில் பலருக்குக் கிடைத்தது தாழ்ந்த காணி. இன்று மற்றவர் நிரப்பும்போது முதலில் நனைவதும் அவ்வாறான குடும்பங்கள்தான். ஆகவே சுமையை அளந்து வைக்க வேண்டும். 1,000 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்குப் பொறியியல் கணக்கு வேண்டாம். கூரைத் தண்ணீரை வீதிக்கு விடாமல் வளவிலேயே இறக்கினால் போதும். அதற்கு மேற்பட்ட கட்டிடம், கூரையிலும் மூடிய தரையிலும் விழும் முதல் 50 மில்லிமீற்றரைத் தன் எல்லைக்குள் தாங்க வேண்டும். காணியைத் துண்டாக்கி விற்பவர், வாங்குவோர் ஒவ்வொருவர்மேலும் சுமத்தாமல், முழுக் காணிக்குமான தாங்குபள்ளத்தை முதலில் ஒதுக்கி அதை நில அளவைப் படத்தில் காட்ட வேண்டும்.

வரைபடத்தில் காணியின் மட்டத்தோடு சுற்றியுள்ள காணிகளின் மட்டமும் வீதியின் மட்டமும் குறிக்கப்பட வேண்டும். பிரதேசத்தின் இயற்கைப் பள்ளங்களைச் சபை அளந்து படமாக்கி, கிராம உத்தியோகத்தர் அலுவலகங்களில் யாரும் பார்க்கத் தொங்கவிட வேண்டும். பள்ளத்தைத் தொடும் விண்ணப்பம் எதுவானாலும் அயலவருக்கு அறிவித்து, அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகே திட்டமிடல் குழு முடிவெடுக்க வேண்டும். இணக்கச் சான்றிதழுக்கு முன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்து, வரைபடத்திலுள்ள குழி நிலத்திலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சபைக்கு ஆளணி போதாது என்பது உண்மை. விண்ணப்பக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கச் சபை தீர்மானிக்கலாம்.

இவற்றைக் கற்பிட்டி பிரதேச சபை அடுத்த மாரிக்கு முன் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுமெனக் கேட்கிறோம். அதுவரை, தாழ்நிலத்தை நிரப்பித் துண்டாக்கும் எந்தப் புதிய விண்ணப்பத்தையும் நாம் எழுத்தில் எதிர்ப்போம். காணி வாங்கவிருக்கும் ஊரவர், முற்பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் இந்தக் காணியின் மழைநீர் எங்கே போகும் என்று கேளுங்கள். படத்தில் காட்டச் சொல்லுங்கள்.