ஆச்சிக்கு எதற்கு இரவல் பட்டம்?

மாலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் எங்கள் பேச்சு எப்படியும் பழைய சினிமாவில் போய் நிற்கும். போன வாரம் மனோரமா பற்றிப் பேச்சு வந்தது. "அவங்க பெண் சிவாஜி சார்!" என்றார் நண்பர் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. காரணம் சொல்வதற்குள் கொசு எங்களைக் கிளப்பிவிட்டது. அதனால் இங்கே சொல்கிறேன்.

ஆச்சியைப் புகழ நாம் வைத்திருப்பவை மூன்றே வாக்கியங்கள். பெண் சிவாஜி. ஆயிரம் படங்களைத் தாண்டிக் கின்னஸில் இடம்பெற்றவர். அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, என்.டி.ஆர் என்று ஐந்து முதல்வர்களோடு நடித்தவர். யோசித்துப் பாருங்கள். முதலாவது இன்னொரு நடிகரின் பெருமை. இரண்டாவது வெறும் எண்ணிக்கை. மூன்றாவது அரசியல்வாதிகளின் பெருமை. இதில் மனோரமா எங்கே?

"சிவாஜியோடு ஒப்பிடுவது மரியாதைதானே?" என்பீர்கள். நானும் சிவாஜி ரசிகன்தான். ஆனால் சிவாஜியை யாராவது 'ஆண் மனோரமா' என்று சொன்னதுண்டா? சொன்னால் சிரிப்போம். அந்தச் சிரிப்பில்தான் விஷயம் இருக்கிறது. ஆண் பெயரை ஒட்டவைத்தால்தான் பெண்ணின் திறமை உயரும் என்று நமக்குள் ஒரு கணக்கு.

மன்னார்குடியில் பிறந்து, பள்ளத்தூரில் வளர்ந்த கோபிசாந்தா, நாடக மேடையில் மனோரமா ஆனார். எஸ்.எஸ்.ஆர். குழுவில் 'மணிமகுடம்' நாடகத்தில் நடித்தார். 1958-இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' அவரைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தது. 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி. ஆனாலும் சினிமா அவரைக் காமெடிப் பக்கமே நிறுத்தி வைத்தது. அந்தச் சின்ன இடத்தில் அவர் என்னதான் செய்யவில்லை!

'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது, 1968-இல், சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று அத்தனை பேர் நடுவிலும் ஜில் ஜில் ரமாமணி தனியாக நின்றாள். அதே ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷைப் பாட்டைச் சொந்தக் குரலில் பாடினார். 'நடிகன்' பேபியம்மாவாக நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர், அடுத்த வருடமே 'சின்னத்தம்பி'யில் அவமானப்படும் விதவைத் தாயாக அழவைத்தார். இதில் எந்த இடத்தில் சிவாஜியின் சாயல்? எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஆச்சியின் சொந்தச் சரக்கு.

இப்படிப்பட்டவருக்குத் தேசிய விருது 'புதிய பாதை'க்காக, அதுவும் துணை நடிகை என்ற பிரிவில். பத்மஸ்ரீ வந்தது 2002-இல், 64 வயதில். சிரிக்க வைக்கிற பெண்ணை நாம் ரசிப்போம், கைதட்டுவோம். பெரிய நடிகர்கள் வரிசையில் மட்டும் உட்காரவைக்க மாட்டோம். அந்தக் குறையை மூடத்தான் இரவலாக ஒரு பட்டம்.

2015 அக்டோபரில் ஆச்சி போய்விட்டார். இனியாவது அவரைப் பற்றிப் பேசும்போது ஒரு பாத்திரத்தைச் சொல்லுங்கள், ஒரு காட்சியைச் சொல்லுங்கள். பட்டம் வேண்டுமென்றால், 'மனோரமா' என்ற பெயரே போதும்.

நாளை பூங்காவில் நண்பரிடமும் இதைச் சொல்லப்போகிறேன். கொசுவர்த்தியோடு.