காருக்கு டாப் மாடல் தேவையா?

கார் வாங்குவது இன்று பணக்காரர்கள் மட்டும் செய்கிற காரியம் அல்ல. பள்ளி ஆசிரியர் வாங்குகிறார். மளிகைக் கடைக்காரர் வாங்குகிறார். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்குகிறார்கள்.

எந்தக் கார் என்று முடிவு செய்ய அவர்கள் பல மாதம் யோசிக்கிறார்கள். ஷோரூமில் போய் உட்கார்ந்ததும் இன்னொரு கேள்வி வருகிறது.

"எந்த மாடல் வேண்டும்? டாப் மாடலே எடுத்துக்கொள்ளுங்களேன்!"

இதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் 5 ஆண்டுக் கடன் முடிவாகிவிடுகிறது!

ஒரே கார், நான்கு படி

டாப் மாடல் என்றால் என்ன? ஒரே காரைக் கம்பெனிகள் பல படிகளாகப் பிரித்து விற்கின்றன. அடிப் படியில் வசதி குறைவு; விலையும் குறைவு. மேலே ஏற ஏற வசதி கூடும், விலையும் கூடும். உச்சிப் படிதான் டாப் மாடல்.

மாருதி ஸ்விப்ட் காரை எடுத்துக்கொள்ளலாம். அதன் புதிய வடிவம் 2024 மே மாதம் வெளிவந்தது. எல்.எக்ஸ்.ஐ., வி.எக்ஸ்.ஐ., இசட்.எக்ஸ்.ஐ., இசட்.எக்ஸ்.ஐ. பிளஸ் என்று அதில் முக்கியமாக நான்கு படிகள்.

வெளிவந்தபோது அடிப் படியின் விலை சுமார் 6 லட்சத்து 49 ஆயிரம் ரூபாய். இரண்டாம் படி சுமார் 7 லட்சத்து 29 ஆயிரம். உச்சிப் படி சுமார் 8 லட்சத்து 99 ஆயிரம். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. விலையும் இறங்கியது. ஆனால், படிக்குப் படி உள்ள இடைவெளி மறைந்துவிடவில்லை.

இந்த நான்கு படிகளுக்கும் என்ஜின் ஒன்றே! 1,197 சி.சி. பெட்ரோல் என்ஜின். அதிக விலை கொடுத்தவரின் கார் அதிக வேகம் போகாது. ஒரு லிட்டருக்குக் கூடுதல் தூரமும் ஓடாது.

கியர் தானாக மாறும் வண்டி வேண்டுமா? அதற்கும் உச்சி வரை ஏற வேண்டியதில்லை. இரண்டாம் படியிலேயே அது கிடைக்கிறது.

அன்று சரி, இன்று?

"வாங்குவதே வாங்குகிறாய், டாப் மாடலாக வாங்கு" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. அந்தப் பேச்சில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது.

மோதலின்போது பலூன் போல விரிந்து உயிரைக் காப்பது ஏர்பேக். முன்பு பல கார்களில் அது மேல் படிகளில்தான் இருந்தது. ஏழைக்கு வெறும் தகரம். வசதி உள்ளவனுக்கு உயிர்க் காப்பு என்ற நிலை!

அந்த நிலையைச் சட்டம் மாற்றியது. 2019 ஜூலை முதல் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம் ஆனது. பிறகு பக்கத்து இருக்கைக்கும் கட்டாயம் ஆயிற்று. 2024ஆம் ஆண்டு ஸ்விப்ட் காரில் அடிப் படியிலேயே 6 ஏர்பேக் வந்துவிட்டது.

ஆகவே, அன்று டாப் மாடலுக்குக் கொடுத்த பணம் உயிருக்கு. இன்று கொடுக்கும் பணம் பெரும்பாலும் சொகுசுக்கு!

எல்லாக் கார்களும் இப்படி அல்ல. எந்தக் கார் ஆனாலும் முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும்: "எந்தப் படியில் எத்தனை ஏர்பேக்?" பாதுகாப்பு மேல் படியில் மட்டும் இருந்தால், தயங்காமல் ஒரு படி ஏறலாம். அல்லது வேறு கார் பார்க்கலாம்.

இதோ கணக்கு

ஸ்விப்ட் வெளிவந்தபோது இருந்த விலைப்படி, இரண்டாம் படிக்கும் உச்சிப் படிக்கும் வித்தியாசம் 1 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்.

அதோடு போகுமா? தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள புதுக் காருக்குச் சாலை வரி 13 சதவீதம். வித்தியாசத் தொகைக்கு மட்டும் வரி 22,100 ரூபாய். ஆக, 1,92,100 ரூபாய்.

அதைக் கடனாக வாங்கினால்? வட்டி 9 சதவீதம், தவணை 5 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், மாதம் சுமார் 3,990 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம்!

விலை 10 லட்சத்தை ஒட்டி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 10 லட்சத்தைத் தாண்டினால் வரி 18 சதவீதம். 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் காருக்கு வரி 1,28,700. 10 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் காருக்கு 1,81,800. விலையில் கூடுவது 20 ஆயிரம். வரியில் கூடுவது 53,100!

விற்கும்போது இந்தப் பணம் திரும்புமா? இன்சூரன்சில் வழக்கமாகப் போடும் தேய்மானக் கணக்குப்படி, 4 ஆண்டு தாண்டிய காரின் மதிப்பு பாதியாகிவிடும். கூடுதலாகக் கொடுத்த 1 லட்சத்து 70 ஆயிரம் அன்று 85 ஆயிரம். கட்டிய வரியும் வட்டியும் போனது போனதுதான்.

பிறகு பொருத்த முடியுமா?

உச்சிப் படியில் பெரிய திரை உண்டு. பின்புறக் கேமரா உண்டு. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் தானாக ஓடச் செய்யும் வசதியும் உண்டு. நல்லவைதான். ஆனால், தேவையானவை எவை?

ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. "இதைப் பிறகு பொருத்திக்கொள்ள முடியுமா?" என்று கேட்க வேண்டும்.

கேமராவைப் பிறகு பொருத்தலாம். சீட் உறை, நல்ல ஒலிபெருக்கி, எல்லாம் பிறகு போடலாம். கம்பெனி அனுமதித்த இடத்தில் பொருத்துவது நல்லது. கண்ட இடத்தில் ஒயரை வெட்டினால் வாரண்டிக்கு ஆபத்து.

ஏர்பேக்கைப் பிறகு பொருத்த முடியாது. வழுக்கும் சாலையில் காரை நிலைநிறுத்தும் அமைப்பையும் முடியாது. முடியாததற்கு முதலில் பணம். முடிவதற்குப் பிறகு பணம்!

யாருக்கு டாப் மாடல்?

டாப் மாடல் வாங்குவது குற்றம் அல்ல. கடன் வாங்காமல் கொடுக்கக் கையில் பணம் உள்ளவர் வாங்கலாம். 10 ஆண்டுக்கு மேல் அதே காரை ஓட்டப் போகிறவர் வாங்கலாம். சென்னைக்கும் மதுரைக்கும் அடிக்கடி ஓட்டுகிறவருக்கு அந்த வசதிகள் தினமும் பயன்படும்.

வீட்டிலிருந்து கடைத்தெரு, பள்ளிக்கூடம், மாதம் ஒரு முறை ஊர் என்று ஓட்டுகிற குடும்பத்துக்கு நடுப்படியே போதும்.

மிச்சமாகும் பணத்தில் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. கைக்குழந்தை உள்ள வீட்டில் குழந்தைக்கென்று தனி இருக்கை வாங்க வேண்டும். காலத்தில் டயர் மாற்ற வேண்டும். முழு இன்சூரன்சை ஆண்டுதோறும் விடாமல் கட்ட வேண்டும். பின் இருக்கையில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். அதற்குக் காசே வேண்டாம்!

கடன் வாங்கி டாப் மாடல் எடுப்பவர்களில் பலர் தங்களுக்காக எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்காகவும், கல்யாண வீட்டில் பார்க்கப் போகும் சொந்தக்காரருக்காகவும் எடுக்கிறார்கள். பார்ப்பவர்கள் ஒரு நாள் பார்ப்பார்கள். தவணை 60 மாதம் வரும்!

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். ஷோரூமுக்குப் போகும் முன்பே, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எந்தப் படி என்று முடிவு செய்துவிட வேண்டும். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தாளில் உள்ளதை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிற குடும்பம், காரிலும் நிம்மதியாகப் போகும். மாதக் கடைசியிலும் நிம்மதியாக இருக்கும்.