"போர்டு போயிடுச்சு சார்" என்று சொல்லும் முன்...

33 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். செய்முறைத் தேர்வில் மின்சுற்று வேலை செய்யவில்லை என்றால் மாணவன் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். "சார், வேற செட் குடுங்க" என்று கேட்பவனுக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது.

போன வாரம் ஒரு கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் என்னிடம் அதைத்தான் சொன்னது.

கல்லூரி முதலாண்டு படிக்கும் பேத்தியின் லேப்டாப். சார்ஜ் ஏறும், திடீரென நிற்கும். பின்னை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் ஏறும், விட்டால் நின்றுவிடும். கவுன்டர் தம்பி பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மதர்போர்டு போயிடுச்சு சார். 21,000 ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்."

ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. "அடாப்டரை மீட்டர் வச்சுப் பாத்தீங்களா தம்பி?" என்றேன். "அதெல்லாம் பாக்கிறதில்ல சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து நானே பார்த்தேன். சுவர் பிளக்கை மாற்றினேன். சுவரிலிருந்து அடாப்டருக்கு வரும் வயரை மாற்றினேன். பலன் இல்லை. அடாப்டரில் 19.5 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. வயரை ஆட்டி ஆட்டி மீட்டரில் பார்த்தேன், அளவு அசையவில்லை. பேட்டரியைக் காக்க 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் அமைப்பு சில லேப்டாப்களில் உண்டு, அதுவும் இதில் போடப்படவில்லை. கடைசியாக, லேப்டாப் பக்கம் பின்னை லேசாக அசைத்தேன். விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

அப்படியானால் கோளாறு எங்கே? பின் செருகும் ஜாக்கில்! சார்ஜ் ஏற்றும் சர்க்யூட்டே செத்திருந்தால், விரலால் அழுத்தியதும் உயிர் வருமா? இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியுமே.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கடை. அந்தத் தம்பி என் கண் முன்னாலேயே திறந்தார். ஜாக்கின் ஒரு காலில் சால்டர் விரிசல். புது ஜாக் வைத்து, கூலியோடு 450 ரூபாய். முக்கால் மணி நேரம். இன்று வரை ஒழுங்காக ஏறுகிறது.

21,000 எங்கே, 450 எங்கே?

"கம்பெனியில் போர்டை முழுசாத்தான் மாத்துவாங்க, சால்டர் வைக்க மாட்டாங்க" என்று சிலர் சொல்வீர்கள். இருக்கட்டும். அப்படியானால் "ஜாக் போயிருக்கு, நாங்க அதைச் சரி செய்யறதில்ல, வெளியில பாத்துக்குங்க" என்று சொல்லுங்கள். அது உங்கள் கொள்கை, நான் சண்டைக்கு வரமாட்டேன். "போர்டு போயிடுச்சு" என்பது கொள்கை அல்ல, பொய்.

போர்டே பழுதாகும் லேப்டாப்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சோதித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஓய்வூதியம் வருகிறது, கையில் மீட்டரும் இருக்கிறது. என் கவலை என்னைப் பற்றியது அல்ல. 2011 முதல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள், அதற்கு முன் கணினியையே பார்த்திராத வீடுகளுக்குப் போயின. அப்படி ஒரு வீட்டில் கூலி வேலை செய்யும் தாயிடம் 21,000 என்று சொன்னால் என்ன நடக்கும்? லேப்டாப் பரணுக்குப் போகும். பிள்ளையின் படிப்பும் கூடவே போகும். ஒரு துளி சால்டருக்காக!

பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. நல்லது. ஆனால் உதிரிபாகமும் சர்க்யூட் வரைபடமும் அந்த பஸ் ஸ்டாண்டு தம்பியின் கைக்கு வராதவரை, அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

நண்பர்களே, அடுத்த முறை பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அடாப்டரை அளந்தீர்களா? ஜாக்கைப் பார்த்தீர்களா? போர்டில் எந்தப் பாகம் போயிருக்கிறது, காட்டுங்கள்? பதில் வரவில்லை என்றால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தால் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாமல், குத்தாமல், அழுத்தாமல் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்கத்தான் 33 வருடம் சொல்லிக்கொடுத்தேன். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.