எட்டும் ஒத்தால் போதுமா?

கும்பகோணத்தில் மளிகைக் கடை நடத்தும் என் தந்தையார் ஆண்டுக்கொரு முறை தம் மின்தராசைச் சோதனைக்குக் காட்டி முத்திரை பெற்றாக வேண்டும். சட்டம் அப்படி. கால் கிலோ துவரம்பருப்பு நிறுப்பவருக்கே இந்தக் கட்டுப்பாடு! டில்லி மாநகரின் காற்றை நிறுக்கப் புறப்பட்ட முதுகலை விஞ்ஞான மாணவர்களாகிய எங்களுக்கோ எந்த முத்திரையும் தேவைப்படவில்லை. அதனால் நேர்ந்த தலைகுனிவைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சென்ற கார்த்திகையில் நாங்கள் நால்வர் சேர்ந்து எட்டு உணர்கருவிகள் வாங்கினோம். சென்சார் என்றால்தான் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். உள்ளங்கையில் அடங்கிவிடுபவை. சிறு விசிறி காற்றை உள்ளிழுக்கும். அதன் குறுக்கே லேசர் ஒளி பாயும். தூசி சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள் ஒரு கன மீட்டரில் எத்தனை மைக்ரோகிராம் என்று கருவி கணக்கிட்டுச் சொல்லும். எட்டு விடுதிகளில் எட்டையும் கட்டினோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், லாரிகள் ஓயாத சாலையோர விடுதியைவிட, வேப்பமரங்கள் சூழ்ந்த பின்புற விடுதியில் மாசு மிகுதி! விடுவோமா? அங்கே இரவில் குளிர்காயச் சுள்ளி எரிக்கும் காவலாளிகளே காரணம் என்று முடிவு கட்டினோம். பொறுப்பாளருக்கு மனுவும் கொடுத்தோம். தீ மூட்டக் கூடாது என்று உத்தரவாயிற்று. டில்லிக் குளிரில் விடிய விடிய விழித்திருப்பவனுக்கு அந்தத் தீ என்ன என்பதை, இங்கே ஒரு மார்கழியைக் கழித்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

தை பிறந்தபின் எட்டையும் கழற்றி வந்து ஒரே மேசையில் வைத்தோம். ஒரே அறை, ஒரே காற்று. எண்களோ எட்டு விதம். பின்புற விடுதிக் கருவி ஏனையவற்றைவிட எப்போதும் கால் பங்கு கூட்டியே சொல்லிற்று. ஆக, நாங்கள் காற்றில் கண்ட வேறுபாடு அந்தக் கருவிக்குள் இருந்த வேறுபாடே! ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தினோம். ஆறு கருவிகள் உடனே எகிறின. கடிகாரம் பிந்தியிருந்த இரண்டின் பதிவிலோ ஏழு நிமிட வித்தியாசம். அட்டவணையில் அந்த ஒரே வத்தி இரண்டு வத்திகளாகக் காட்சியளித்தது.

"எட்டையும் சராசரியோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடு, தொல்லை தீர்ந்தது" என்றார் நண்பர் ஒருவர். அவ்வாறே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கெண்ணும் ஒரு கூட்டெண்ணும் கண்டு திருத்தினோம். எட்டும் அழகாக ஒத்துப்போயின. பிறகு, பீட்டாக் கதிர்க் கருவி வைத்திருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் கேட்டு, அதனருகே எட்டையும் வைத்தோம். அது வடிநாடாவில் படியும் தூசி பீட்டாக் கதிரை எவ்வளவு குறைக்கிறது என்று பார்த்து எடையை அறியும்; உள்ளே வரும் காற்றைச் சற்றுச் சூடாக்கி ஈரத்தையும் ஓட்டிவிடும். மூடுபனிக் காலைகளில் எங்கள் எட்டும் ஒருமுகமாக அதைவிட மிகுத்துச் சொல்லின. காரணம் எளியது. ஈரத்தை உறிஞ்சித் துகள் பருத்துவிடுகிறது. பருத்த துகள் ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கிறது. கருவி நீரையும் தூசியென்றே எண்ணிக்கொள்கிறது. எட்டும் ஒரே வார்ப்பில் பிறந்தவை. எட்டும் ஒரே பிழையைச் செய்யும். ஒருவன் பதிவேட்டைப் பார்த்து எழுதிய பத்து மாணவர்களின் விடைகளும் ஒத்துத்தான் இருக்கும். அதற்காக விடை சரியென்று எந்த ஆசிரியராவது ஒப்புக்கொள்வாரா?

"நாளொன்றின் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு 60, உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. குளிர்காலத்தில் டில்லி இரண்டையும் எங்கோ தாண்டிவிடுகிறதே, 200 என்றால் என்ன, 250 என்றால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. காற்று கெட்டிருக்கிறதா என்று மட்டும் அறிய, திருத்தப்படாத கருவி ஒன்றே போதும்; இருமுகிற நெஞ்சே போதும். இந்த இடத்தைவிட அந்த இடம் கெட்டது என்று சொல்ல வரும்போதுதான் வழக்கே எழுகிறது. அங்கே தீர்ப்புக் கூறுவது அந்த ஐம்பதுதான். அதைக் காற்று தந்ததா கருவி தந்ததா என்று தெரியாமல் ஒருவர்மேல் பழி போட நமக்கு என்ன உரிமை?

ஆகவே என் கட்சி இது: பல கருவிகளைப் பல இடங்களில் கட்டுவோர், கட்டுமுன் இரண்டு வாரமும் கழற்றியபின் இரண்டு வாரமும் நம்பத்தக்க ஒரு கருவியின் அருகே அனைத்தையும் நிறுத்தட்டும். பனிநாளும் வேண்டும், தெளிந்த நாளும் வேண்டும். தையில் கண்ட திருத்தம் வைகாசிப் புழுதிக்குச் செல்லாது. தூசியின் இயல்பே மாறிவிடுகிறது. இந்த நான்கு வார வேலைக்கு நம் துறைகளில் மதிப்பெண் கிடையாது. ஆய்வேட்டில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதற்கும் மதிப்பெண் இருந்திருந்தால் எங்கள் அவசரம் சற்று அடங்கியிருக்கும்.

சுள்ளிப் புகை தூயது என்று நான் வாதிடவில்லை. எங்கள் கருவி அதன்மேல் சாட்சி சொல்லத் தகுதியற்றது, அவ்வளவே. மனுவைத் திரும்பப் பெறுவதாக இரண்டாம் கடிதம் கொடுத்தோம், பதில் வரவில்லை. பின்புற விடுதிக் காவலாளியிடம் என் அரைகுறை இந்தியில் நடந்ததையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "அப்படியானால் இந்தக் குளிருக்கு மூட்டலாமா, தம்பி?" என்றார்.