பனிக்கு அந்த ட்யூப் வேண்டாம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் ராத்திரி படுக்கும்போது படியுங்கள், ஆனால் படித்துவிடுங்கள். சிலரோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். முக்கியமாக, மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் நாலைந்து பேரோடு. பெயர் சொல்லப்போவதில்லை. படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மார்கழி பிறந்தால் போதும், நம் மத்திகிரியில் வீட்டுக்கு வீடு டிவி ஸ்டாண்டு மேல் ஒரு ட்யூப் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாதி பிதுக்கியிருக்கும், மூடி தொலைந்திருக்கும். கை வறண்டால் அது, கால் வெடித்தால் அது, குழந்தை கன்னத்தில் வெள்ளைத் திட்டு வந்தால் அது, தொடை இடுக்கில் அரித்தாலும் அதேதான். தமிழ் வீடு, தெலுங்கு வீடு, கன்னட வீடு என்ற பேதமே இல்லை. கடையில் போய் "பனிக்குப் போடுற க்ரீம் குடுங்கண்ணா" என்றால் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்து நீட்டுகிறார்கள்.

அது பனிக்குப் போடும் க்ரீம் இல்லை. அது ஸ்டீராய்டு மருந்து.

நம்பாவிட்டால் எழுந்து போய் அந்த ட்யூபை எடுத்து வாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், பெக்ளோமெத்தசோன். இதில் ஒரு பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டுதான். நம் ஊரில் அதிகம் ஓடும் ட்யூப்களில் இதோடு பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து என்று மூன்றையும் ஒன்றாகக் குழைத்து வைத்திருப்பார்கள். என்ன நோய் என்றே பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அடி. கேள்வியே படிக்காமல் நாலு பதிலையும் எழுதிவைக்கும் பையன் வகுப்புக்கு ஒருத்தன் இருப்பானே, அந்தக் கதைதான்.

ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்லவில்லை. 1952-ல் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பார்த்து வெற்றி கண்ட பிறகுதான் கரப்பான் போன்ற நோய்களால் வருஷக்கணக்கில் சொறிந்து புண்ணானவர்களுக்கு விடிவு வந்தது. தோல் டாக்டர் பார்த்து, எந்த இடத்துக்கு, எத்தனை நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தால் அது நல்ல மருந்து. ஆனால் பனி வறட்சி நோயே இல்லை. நோயில்லாத தோலில் அதை ஏன் பூசுகிறீர்கள்?

இந்த வறட்சி எப்படி வருகிறது என்று எட்டாம் வகுப்பில் சொன்னேன், பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பச் சொல்கிறேன். நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3000 அடி உயரத்தில். குளிர்ந்த காற்று அதிக ஈரத்தைத் தாங்காது. காலையில் மூடுபனி இருக்கிறதே, ஈரம்தானே என்று நினைப்பீர்கள். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அதே காற்று சூடாகி, எங்கே ஈரம் கிடைக்கும் என்று அலைகிறது. நம் உடம்பிலிருந்தும் உறிஞ்சுகிறது. மாட்டுப் பண்ணைப் பக்கம் திறந்த புல்வெளியைத் தாண்டி வரும் காற்றில் சைக்கிளில் போனவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அந்தப் பண்ணை 1824-ல் தொடங்கியது, ஒரு காலத்தில் ராணுவக் குதிரைகளை அங்கே பழக்கினார்கள். அந்தக் குதிரைகளுக்கும் இதே காற்றுதான்.

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், நடுவில் இருக்கும் கொழுப்பு கலவை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் காப்பது அந்தக் கலவைதான். நாம் என்ன செய்கிறோம்? குளிருக்குப் பயந்து ஹீட்டரில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் பிடிக்கிறோம். அதுவும் போர் தண்ணீர், சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர். நுரை வரவில்லையே என்று இன்னும் ரெண்டு தேய். கலவை மொத்தமும் கரைந்து சாக்கடைக்குப் போய்விடுகிறது. பிறகு "பனி ஒத்துக்கல டீச்சர்" என்கிறீர்கள். பனி பாவம்.

இதற்கு வைத்தியம் மளிகைக் கடையிலேயே இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிஷத்தில் குளித்து முடியுங்கள். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் என்று தேவையான இடத்துக்கு மட்டும். உறையில் டிஎஃப்எம் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். முதல் தரச் சோப்பில் அது 76 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, உடம்பில் ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிவிட வேண்டும். இந்த "ஈரம் இருக்கும்போதே" என்பதுதான் முழு ரகசியமும். எண்ணெயில் தண்ணீர் கிடையாது, அது தோலுக்கு ஈரம் தராது, இருக்கும் ஈரத்தை மூடிவைக்கும். சேலை கட்டி, தலை சீவி, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது காய்ந்த கையில் பூசினால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. பிலிப்பைன்ஸில் 2004-ல் வெளியான ஒரு ஆய்வில் வறண்ட தோல் உள்ளவர்களுக்குத் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் நன்றாகவே வேலை செய்தன. உங்கள் பாட்டிக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும்.

கால் வெடிப்புக்கு ராத்திரி பாதத்தை ஊறவைத்து, வாசலினைக் கனமாகப் பூசி, பருத்தி சாக்ஸ் போட்டுப் படுங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் ஊறவைக்க வேண்டாம். விரல் இடுக்கில் எதையும் பூசவும் வேண்டாம். காலை அடுப்புப் பக்கம் காட்டிக் குளிர் காயவும் வேண்டாம். சுடுவது உங்களுக்குத் தெரியாது. ஒரு சின்ன வெடிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறோம்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். ஸ்டீராய்டைப் பூசினால் முதல் ரெண்டு நாள் அற்புதமாக இருக்கும். சிவப்பு போகும், அரிப்பு போகும், முகத்தில் போட்டால் வெளுப்பாகக்கூடத் தெரியும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். வாரக்கணக்கில் போடப் போடத் தோல் மெலிகிறது, உள்ளே ஓடும் நரம்பு சிவப்புச் சிவப்பாகத் தெரிகிறது, பரு வருகிறது, பெண் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் முடி வளர்கிறது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாக எரியும். எரிகிறதே என்று மறுபடி அதையே பூசுகிறோம். இந்த நாட்டில் எத்தனை முகங்கள் இப்படிக் கெட்டன என்றால், "ஸ்டீராய்டால் பாழான முகம்" என்று நம் இந்தியத் தோல் டாக்டர்களே இதற்குத் தனிப் பெயர் வைக்க வேண்டியிருந்தது.

என்னிடம் படித்த ஒரு பெண், இங்கே ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துப் பனிக்காற்றில் முகம் கறுத்துவிட்டது, தையில் கல்யாணம். ஹாஸ்டலில் கூட இருந்த பெண் ஒரு ட்யூப் கொடுத்திருக்கிறாள். கல்யாண போட்டோவில் முகம் பளபளவென்று இருக்கிறது. அதற்கடுத்த கோடையில் என்னைப் பார்க்க வந்தாள், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு. வெயில் பட்டாலும் எரிகிறது, அடுப்புப் பக்கம் நின்றாலும் எரிகிறது. பூசியது சில மாதம், வைத்தியம் ரெண்டு வருஷமாக ஓடுகிறது. அவள் முட்டாள் இல்லை, என் வகுப்பில் அறிவியலில் எப்போதும் முதல் மூன்று பேரில் ஒருத்தி. அவள் கையில் வந்த பொருள் மருந்து என்று யாருமே அவளிடம் சொல்லவில்லை.

இன்னொன்று இதைவிடப் பெரிய தொல்லை. குளிர் காலத்தில் நெருக்கிப் படுக்கும் வீடுகளிலும் ஹாஸ்டல்களிலும் சொறி சிரங்கு பரவும். ராத்திரியில் அரிப்பு அதிகமாகும், விரல் இடுக்கில், மணிக்கட்டில், தொப்புளைச் சுற்றி. அது ஒரு சிறு பூச்சி தோலுக்குள் துளை போட்டு வாழ்வதால் வருவது. ஸ்டீராய்டு அரிப்பை மட்டும் அமுக்கும், பூச்சி உள்ளே குடும்பம் நடத்தும். அதற்குள் அது பக்கத்துப் பாய்க்கும் போய்விடும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் தீரும். படர்தாமரையும் அப்படித்தான், ஸ்டீராய்டு பட்டால் உருவமே மாறி, டாக்டரே குழம்பும் அளவுக்குப் பரவும். ரோஜாத் தோட்டத்துப் பாலிஹவுஸ்களில் பிப்ரவரி 14-க்காக ஜனவரி முழுக்கப் பூ வெட்டும் பெண்களின் கையைப் பாருங்கள். முள் குத்திய காயத்தில் சீழ் பிடித்திருக்கும். அதன் மேலும் இதே ட்யூப்.

மெடிக்கல் வைத்திருக்கும் பிள்ளைகள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நேரிலேயே சொன்னீர்கள். "டீச்சர், டாக்டர்கிட்ட போனா ஃபீஸு, ஒரு நாள் சம்பளம் போச்சு. இது சல்லிசா முடியுது. நாங்க குடுக்கலைன்னா பக்கத்துக் கடையில வாங்கிப்பாங்க."

முதல் பாதி உண்மை. லீவு போட்டால் சம்பளம் பிடிக்கும் ஊரில் டாக்டரைப் பார்ப்பது லேசான காரியம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏழைக்கு நீ செய்யும் உதவி என்ன? அதே காசுக்கு, ஏன் அதைவிடக் குறைவாக, ஒரு வாசலின் டப்பாவைக் கொடுத்து, "குளிச்ச உடனே பூசுக்கா, ஒரு வாரத்துல போகலன்னா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்காகத்தானே உன்னை ஃபார்மசி படிக்க வைத்தார்கள். பக்கத்துக் கடைக்காரன் கொடுப்பான் என்பது, பரீட்சையில் பிட் அடித்து மாட்டியபோது "எல்லாரும்தான் அடிச்சாங்க டீச்சர்" என்றாயே, அதே நியாயம். அப்போதும் நான் ஏற்கவில்லை.

சட்டமும் உன் பக்கம் இல்லை. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு பூச்சுகளுக்கு இருந்த விலக்கை நீக்கி, ஷெட்யூல் எச் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வருஷங்கள் ஆகியும் பெட்டிக்கடைச் சாக்லேட் மாதிரி விற்கிறது என்றால், அதற்கு ஆய்வுக்கு வராத அதிகாரிகளும் பொறுப்பு. வாங்குகிறவன் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பனியில் பிள்ளை கறுத்துப் போனதாக அழும் அத்தைமார்களே, கறுப்புக்கு வைத்தியம் தேட என்ன இருக்கிறது? 1975-லிருந்து விற்ற ஒரு பிரபல க்ரீமே 2020-ல் தன் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிட்டது. நீங்கள் இன்னும் விடவில்லை. கேரளத்தில் கோட்டக்கல் டாக்டர்கள் சமீபத்தில், சிறுநீரகம் கெட்டு வந்த சிலருக்கு வெளுப்பு க்ரீம் போடும் பழக்கம் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். பாதரசம் கலந்த க்ரீம்கள் மீதுதான் சந்தேகம். பூசியது முகத்தில், போனது கிட்னி. லேபிள் இல்லாத டப்பாவை யார் பரிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குழந்தை கன்னத்து வெள்ளைத் திட்டுக்குப் பூச்சி மாத்திரையும் வேண்டாம், இந்த ட்யூபும் வேண்டாம். எண்ணெய் தடவி, வெயிலில் அதிகம் அலைய விடாமல் பார்த்துக்கொண்டால் மெல்ல மெல்லத் தானே மறையும். திட்டில் உணர்ச்சி இல்லாவிட்டாலோ, பால் மாதிரி வெளுத்திருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று, இது முக்கியம். மாதக்கணக்கில் முகத்தில் பூசி வருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கி எறியாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கும். தோல் டாக்டரைப் பாருங்கள், படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார். போகும்போது ட்யூபையும் எடுத்துப் போங்கள், காலியானதாக இருந்தாலும் சரி. எழுத்து படிக்க வரவில்லை என்றால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், என்ன மருந்து என்று படித்துச் சொல்கிறேன். மத்தியானம் 2 மணியிலிருந்து 4 மணி வரை மட்டும் கூப்பிடாதீர்கள், தூங்குவேன்.